பழவேற்காட்டில் தண்ணீர் யாருக்குச் சொந்தம்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காட்டின் வரலாறு என்ன? டச்சுக் கல்லறையைத் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது? ஊர் மக்கள் எதை நம்பிப் பிழைக்கிறார்கள்?"

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அது புரிந்தால் மற்ற இரண்டும் எளிதில் புரிந்துவிடும். பழவேற்காட்டைக் கடற்கரை ஊர் என்று சொன்னாலும், அந்த ஊரின் சோறு கடலில் மட்டும் இல்லை. கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே வடக்கே ஆந்திரத்துக்குள் நீண்டு கிடக்கும் உவர்நீர்ப் பரப்பில்தான் பாதிக்கு மேல் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை ஏரி என்கிறார்கள். இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி அது. பரப்பின் பெரும் பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் பங்கு ஆறில் ஒன்று அளவுதான். ஆனால் ஏரி கடலோடு சேரும் முக்கியமான முகத்துவாரம் நம் பக்கத்தில், பழவேற்காட்டை ஒட்டி இருக்கிறது. ஊரின் அதிர்ஷ்டமும் தொல்லையும் அந்த வாயில்தான்.

ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. பல இடங்களில் இடுப்பளவு நீரில் நடந்தே போகலாம். தெற்கே ஆரணியாறு, நடுவில் காளங்கி, வடக்கே சுவர்ணமுகி ஆகியவை நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நன்னீர் பக்கம் சாய்கிறது. கோடையில் வற்றி, கடலைவிட உப்பாகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை நம்பித்தான் இறால் பிழைக்கிறது. தாய் இறால் கடலில் முட்டையிடும். கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் நீர் ஏற்றத்தில் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வரும். ஆழமில்லாத, இரை மிகுந்த சேற்றில் சில மாதம் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும். அப்படித் திரும்பும் வழியில்தான் வலை காத்திருக்கும். முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபட்டால் குஞ்சு உள்ளே வராது. சில மாதம் கழித்து வலையில் இறாலும் இருக்காது. மீனவர்கள் முகத்துவாரத்தைப் பற்றி ஓயாமல் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே ஏரியில் எல்லா இடமும் சமமானதில்லை. முகத்துவாரத்துக்கு அருகே, நீரோட்டம் விரையும் இடங்களில் இறால் குவியும். தள்ளிப் போகப் போகக் குறையும். அந்த நல்ல இடங்களில் யார், எந்த நாளில் வலை கட்டுவது? இந்தக் கேள்விக்குப் பழவேற்காடு பல தலைமுறைகளுக்கு முன்பே ஒரு விடை கண்டது. அதன் பெயர் பாடு.

பாடு என்பது முறை வைத்து மீன்பிடிக்கும் உரிமை. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய, பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தின் மூன்று குப்பங்கள் ஏரியின் நல்ல இடங்களைத் தங்களுக்குள் முறை போட்டுப் பகிர்ந்துகொள்கின்றன. குப்பத்துக்குள் ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் பங்கு உண்டு. திருமணமாகித் தனிக்குடும்பம் ஆன ஆண்தான் தலைக்கட்டு. யாருக்கு எந்த இடம், எந்த முறை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை சுமாரான இடத்துக்குப் போவார். ஒருவர் எப்போதும் கொழிக்கவும் இன்னொருவர் எப்போதும் தேயவும் வழியில்லாத ஏற்பாடு இது. மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து அபராதம் போடும். கேரளத்துக் காயல்களிலும், இலங்கையில் நீர்கொழும்பு ஏரியில் நட்டுவைக்கும் வலைகளிலும் இதே பெயரில் இதே போன்ற முறை வழங்கிவருகிறது. மீன்வளத்தைக் காப்பது பற்றி ஆராய்பவர்கள் உலகெங்கும் இந்த முறையை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்.

பாராட்டுக்கு உரியதுதான். ஆனால் பாராட்டுகிறவர்கள் அடிக்கடி விட்டுவிடும் பக்கம் ஒன்று இருக்கிறது. பாடு முறையில் பங்கு பிறப்பால் வருவது. ஏரியைச் சுற்றி வாழும் தலித் மக்களும் இருளர்களும் அந்தத் தண்ணீரில்தான் பிழைக்கிறார்கள்; பாடு அவர்களுக்கு இல்லை. இறால் ஏற்றுமதி சூடுபிடித்து விலை ஏறும் வரை இந்த ஏற்றத்தாழ்வு பெரிதாக வெடிக்கவில்லை. விலை ஏறியதும் புதிதாக வலை எடுத்தவர்களுக்கும் பாடு உரிமை உள்ளவர்களுக்கும் மோதல் வந்தது, வழக்குகளும் நடந்தன. ஏரி யாருக்குச் சொந்தம் என்பதில் சட்டம் ஒன்று சொல்லும், வழக்கம் ஒன்று சொல்லும். அரசின் பார்வையில் அது பொதுநீர். ஊரின் பார்வையில் அது முன்னோர் பகிர்ந்துவைத்த வயல். இரண்டுக்கும் நடுவே, பங்கே இல்லாதவர்கள் நிற்கிறார்கள். பாடு இருப்பதால்தான் ஏரி இன்னும் சூறையாடப்படாமல் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதே நேரத்தில், விலக்கப்பட்டவர்களுக்கும் அதில் இடம் திறக்காவிட்டால் அது நியாயமாகாது என்றும் நம்புகிறேன்.

இருளர்கள் இறால் பிடிப்பதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். வலை இல்லை, படகு இல்லை. ஆண்களும் பெண்களும் கழுத்தளவு நீரில் இறங்கி, இரு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்கிறார்கள். பனையோலையில் முடைந்த பறியின் வாயைப் பற்களால் கடித்துக் கொண்டிருக்கிறார்கள். கைக்குத் தட்டுப்படும் இறால் நேராகப் பறிக்குள் போகிறது. சிப்பி ஓடு கையைக் கிழிக்கும். கெளுத்தியின் முள் குத்தும். மணிக்கணக்கில் உப்புநீரில் ஊறிய கைகளோடு கரையேறி, பிடித்ததைக் கிலோக் கணக்கில் வியாபாரியிடம் போடுகிறார்கள்.

இனி பழைய கதைக்கு வருகிறேன். ஊரைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் அதற்காகத்தானே வருகிறார்கள்?

டச்சுக்காரர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே இது பெரிய துறைமுகம். விஜயநகர ஆட்சியில் கிழக்குக் கடற்கரையின் முக்கியமான வாசல்களில் ஒன்று. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துகீசியரான துவார்த்தே பார்போசா, இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து வாணிகம் செய்த ஊராக இதைக் குறிப்பிடுகிறார். இங்கிருந்து துணி போனதையும் பர்மாவின் பெகுவிலிருந்து மாணிக்கக் கற்கள் வந்ததையும் சொல்கிறார். அந்தக் காலத்தின் சாட்சியாக ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் சமயீஸ்வரர் கோயிலும் நிற்கின்றன. பெருமாள் கோயிலின் செம்பாறாங்கற்களில் இராமாயணக் காட்சிகளை உள்ளங்கை அளவுச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். பொறுமையாகப் பார்த்தால் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் வேலை. கல்லறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

போர்த்துகீசியர் இங்கே குடியேறினார்கள். இன்றைய மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கம் 1515 என்று சொல்லப்படுகிறது. டச்சுக்காரர்கள் 1610இல் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்றார்கள். அப்போது ஊர் அவருடைய ராணி ஒருவரின் ஆளுகையில் இருந்தது. இரண்டே ஆண்டில், 1612இல், சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் டச்சுப் பண்டகசாலையை அழித்தார்கள். அதன் விளைவுதான் 1613இல் எழுந்த கெல்ட்ரியா கோட்டை. சோழமண்டலக் கரை முழுவதற்குமான டச்சுத் தலைமையகம் 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை இங்கேதான் இருந்தது. கோட்டைக்குள் நாணயச்சாலை இருந்தது. இங்கே தயாரான வெடிமருந்து ஆசியாவின் பிற டச்சுத் தளங்களுக்கெல்லாம் போனது.

டச்சுக்காரர்களுக்கு வேண்டியது துணி. இந்தோனேசியத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்க வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலத் துணி நன்றாகச் செல்லுபடியானது. பழவேற்காட்டுச் சுற்றுப்புறத் தறிகளில் நெய்து சாயமேற்றிய கட்டம் போட்ட துணி மலாய் உலகில் அவ்வளவு பரவியது. மலேசியாவில் இன்றும் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பழவேற்காட்டின் ஐரோப்பியப் பெயரான புலிக்காட்தான் அங்கே அப்படி ஆகிவிட்டது.

துணியோடு மனிதர்களும் ஏற்றுமதியானார்கள். இதைச் சொல்லாமல் டச்சு வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது. 17ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில், பசியில் தங்களையோ பிள்ளைகளையோ விற்றுக்கொண்டவர்களையும் பிடித்து விற்கப்பட்டவர்களையும் ஆயிரக்கணக்கில் இங்கிருந்து படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றினார்கள். கல்லறையில் பெயர் பொறித்த கற்கள் இருக்கின்றன. கப்பலேறியவர்களுக்கு இந்த ஊரில் ஒரு கல்கூட இல்லை. வழிகாட்டிப் பலகைகளிலாவது ஒரு வரி எழுதிவைக்கலாம்.

ஆங்கிலேயரும் இங்கே தங்கப் பார்த்தார்கள். ஐரோப்பாவில் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி 1621இல் டச்சுக்காரர்களோடு பங்கு போட்டுக்கொள்ள வந்தார்கள். ஒத்துப்போகாமல் சில ஆண்டுகளில் வெளியேறினார்கள். ஏரிக்கு வடக்கே அர்மகானில் ஒதுங்கினார்கள். அதுவும் சரிப்படாமல் 1639இல் தெற்கே ஒரு மணல்திட்டில் இடம் வாங்கினார்கள். அதுதான் மதராசப்பட்டினம். பழவேற்காட்டில் அவர்களுக்கு இடம் கிடைத்திருந்தால் சென்னையின் கதை வேறாக இருந்திருக்கும்.

நாகப்பட்டினத்தை 1781இல் ஆங்கிலேயர் பிடித்தபோது பழவேற்காடும் அவர்கள் கைக்குப் போனது. சில ஆண்டுகளில் அது மட்டும் திரும்பக் கிடைக்க, மீண்டும் டச்சுத் தலைமையிடமானது. 1795இல் கைமாறி, 1818இல் திரும்பி, 1825இல் நிரந்தரமாக ஆங்கிலேயரிடம் வந்தது. சென்னை வளர்ந்துவிட்ட பிறகு இந்தத் துறைமுகம் யாருக்கும் தேவைப்படவில்லை. கோட்டை இடிக்கப்பட்டது. இன்று அகழியின் தடமும் முட்புதர் மூடிய மேடும்தான் மிச்சம். கல்லறை மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. வாயிலின் இரு பக்கமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். வளைவில் 1656 என்ற ஆண்டு. உள்ளே 76 கல்லறைகள். கற்களில் கப்பல்களும் குலச்சின்னங்களும் நுட்பமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன.

துறைமுகம் போன பிறகும் பக்கிங்ஹாம் கால்வாய் சில காலம் ஊரைத் தாங்கியது. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகும், ஏரிச் சிப்பியில் சுட்ட சுண்ணாம்பும், மீனும் அந்த வழியாகப் படகுகளில் சென்னைக்குப் போயின. நகரத்து அடுப்பெரிந்ததிலும் சுவர் எழுந்ததிலும் இந்த ஏரிக்குப் பங்கு உண்டு.

ஊருக்குள் முஸ்லிம் தெருக்கள் தனி அழகு. அரேபியாவிலிருந்து நான்கு படகுகளில் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் என்று இங்கே ஒரு மரபுக்கதை வழங்குகிறது. கப்பலும் வாணிகமும் செய்த மரக்காயர் குடும்பங்கள், அரபு எழுத்தில் எழுதிய தமிழை, அதாவது அரபுத்தமிழை, தலைமுறைகளாகப் பேணின. பள்ளிவாசலில் தொழுகை நேரம் அறிய அமைத்த சூரியக் கடிகாரம் இருக்கிறது. வாணிகம் ஒடுங்கியபின் பலர் சென்னைக்குப் போய்விட்டார்கள். வீட்டிலிருந்த பெண்கள் பனையோலையைக் கையில் எடுத்தார்கள். குருத்தோலையை வெயிலில் வெளுக்கவைத்து, நகத்தால் நாராகக் கிழித்து, சாயத்தில் தோய்த்து, பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். கல்யாணச் சீர்ப் பெட்டியாகவும் வெளிநாட்டுக்குப் போகும் அலங்காரப் பெட்டியாகவும் அது ஆகிறது. முடைகிறவர்களுக்குக் கிடைப்பது சொற்பம். வாங்க விரும்பினால் முடிந்தவரை முடைகிறவர்களிடமே வாங்குங்கள். விலையில் பேரம் பேசாதீர்கள்.

அன்றாடம் விடியுமுன்பே தொடங்கிவிடுகிறது. இரவு வலை கட்டியவர்கள் கரைக்கு வரும்போது ஏலக்காரர்களும் ஐஸ் பெட்டி வண்டிகளும் காத்திருக்கும். வெள்ளை இறாலும் புலி இறாலும் தரம் பிரித்து எடை போடப்படும். சேற்று நண்டின் கொடுக்கைக் கயிற்றால் கட்டி, உயிரோடு வைத்தே விமானத்தில் சிங்கப்பூருக்கு அனுப்புகிறார்கள். நல்ல நண்டு ஊரில் யார் வீட்டுச் சட்டிக்கும் அதிகம் வருவதில்லை. ஏற்றுமதிக்குப் போகாத மடவை, கிழங்கான், காரப்பொடி, சிறு இறால் ஆகியவற்றைப் பெண்கள் கூறு கட்டி விற்கிறார்கள். சிலர் கூடையோடு பஸ் ஏறிப் பொன்னேரிக்கும் அதற்கு அப்பாலும் போவார்கள். விற்காதது கருவாடாகும். கணவன் வலையில் எவ்வளவு விழுந்தது என்பது அந்தந்த நாளின் கதை. வீட்டின் கடனை அடைப்பதும் பிள்ளைகளைப் படிக்கவைப்பதும் பெரும்பாலும் இந்தப் பெண்களின் கைக்காசுதான்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல்திட்டில் லைட்ஹவுஸ் குப்பம், அரங்கம்குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம் என்று வரிசையாகக் கடல் மீனவர் குப்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்குக் கடல்தான் வேலை. கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்துவிட்டது. ஆனால் படகு கடலுக்குள் போவதும் அந்த முகத்துவாரம் வழியாகத்தான். மணல் மேடிட்டால் படகு தட்டிக் கவிழும், உயிரே போகும்.

வடக்கே ஏரியைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. 1971இல் முதல் ஆய்வு ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. ராக்கெட் ஏவும் நாளில் நாடே கைதட்டுகிறது. பழவேற்காட்டுக் கரையில் நின்று பார்த்தால் நெருப்பு வால் கண்ணெதிரே எழும். அன்றைக்கு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. ஏவுதல் தள்ளிப்போனால் வேலையில்லாத நாளும் கூடும். அந்த நாட்களின் கூலியைப் பற்றி நாட்டில் யாரும் பேசுவதில்லை.

ஏரியைப் பற்றி நல்ல செய்தியும் ஒன்று சொல்ல வேண்டும். 1990களில் கடலோரம் முழுதும் இறால் பண்ணைகள் முளைத்தன. பண்ணைக் கழிவு ஏரியைக் கெடுத்தது, நிலத்தடி நீர் உப்பானது. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிலிகா, பழவேற்காடு இரண்டு ஏரிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றின் கரையிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றது. நடைமுறையில் எவ்வளவோ ஓட்டை. ஆனாலும் குளிர்காலத்தில் பூநாரைக் கூட்டம் இன்னும் இங்கே வந்து சேற்றைக் கிளறி இரை எடுக்கிறது.

இன்றைய கவலை தெற்கிலிருந்து வருகிறது. எண்ணூர், காட்டுப்பள்ளி என்று துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் கடற்கரையை நிரப்பிக்கொண்டு வருகின்றன. அலைத்தடுப்புச் சுவர் ஒன்று கடலுக்குள் நீண்டால், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டு, வடக்கே கரை அரிக்கும். இந்தக் கரையில் எங்கும் நடப்பது அதுதான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்ப்பதற்கு இந்த மணல் கணக்கே காரணம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது ஒடுங்கிய மணல்திட்டு. அது அரிபட்டு உடைந்தால் ஏரி என்று ஒன்று இருக்காது, பாடும் இருக்காது. மீனவர்கள் வளர்ச்சியைத் தடுக்கிறார்கள் என்று எழுதுகிறவர்கள் இதை ஒருமுறை வரைபடத்தில் பார்க்கட்டும். முகத்துவாரத்தின் இரு பக்கமும் கல் கொட்டி அதை நிரந்தரமாகத் திறந்துவைக்க வேண்டும் என்பது அவர்கள் நெடுநாளாக வைத்த கோரிக்கை. தாங்கள் கேட்டதை அவர்கள் தெளிவாகத்தான் கேட்டார்கள்.

போய்ப் பார்க்க நினைக்கிறீர்கள் என்றால்: சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி புறநகர் ரயிலில் பொன்னேரி வரை போய், அங்கிருந்து பஸ் பிடியுங்கள். ஏலம் பார்க்க வேண்டுமானால் அதிகாலையிலேயே கரையில் இருக்க வேண்டும். முதலில் பெருமாள் கோயில், பிறகு பள்ளிவாசல் தெரு, வெயில் ஏறுமுன் கல்லறை என்று வைத்துக்கொண்டால் அரை நாளில் நடந்தே பார்த்துவிடலாம். தனியார் படகில் ஏரியைச் சுற்றிக்காட்டுகிறோம் என்று யாராவது அழைத்தால் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. பாலத்தைக் கடந்து லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போனால் கடலும் கிடைக்கும். அங்கே குளிக்க இறங்காதீர்கள். முகத்துவாரத்து இழுப்பு நீச்சல் தெரிந்தவர்களையும் கொண்டுபோய்விடும். திரும்பும்போது மீன் வாங்குவதானால் கூறு கட்டி உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் வாங்குங்கள். எது ஏரி மீன், எது கடல் மீன் என்று கேட்டால் சுவை வேறுபாட்டோடு சேர்த்துச் சொல்லித் தருவார்கள். ஏரி மடவையைக் குழம்புக்குக் கேட்டு வாங்குங்கள்.